வெறும் போசி

கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை சாயங்கால நேரத்தில் ரோட்டில் நடந்துபோனால் அந்தக் காப்பி எஸ்டேட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் சண்டை. மாமியாரோடு மல்லுக்கட்டிவிட்டுத் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்று பொருள். விறகுக்குப் போகிறவள் தலையில் சும்மாடு இருக்கும், தண்ணீருக்குப் போகிறவள் இடுப்பில் குடம் இருக்கும், பழம் பறிக்கப் போகிறவள் இடுப்பில் சாக்கு கட்டியிருப்பாள். ஒன்றுமே இல்லாமல் காலை வீசிக்கொண்டு நடப்பவர் மேல் பங்களா மேனேஜர் ஒருவர்தான். அவர் கையிலும் ஒரு நாய்ச்சங்கிலி இருக்கும்.

அதனால், ஆட்கணக்கு எழுதும் ரைட்டர் லூர்துராஜின் மனைவி தேவகுமாரி, ஆறு மாத வயிற்றோடு, வெறுங்கையை ஆட்டிக்கொண்டு முதல்நாள் நடக்கக் கிளம்பியபோது பழம் அரைக்கும் ஷெட்டைத் தாண்டுவதற்குள்ளேயே ஊர் கூடிவிட்டது.

"ஏனுங்க ரைட்டரம்மா, ஊட்டுல ஏதாச்சும் பேச்சு வார்த்தைங்களா?" என்று கருப்பண்ணன் பெண்டாட்டி சென்னம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இல்லீங்க. சும்மா நடக்கறனுங்க."

"சும்மாவா? சும்மா எதுக்குங்க நடக்கோணும்? வாயும் வயிறுமா இருக்கறவங்க. வாங்க, நான் கொண்டாந்து உடறேன். பெரியம்மாகிட்ட நான் பேசறேன்."

பேசியும்விட்டாள். வீட்டு வாசலில் நின்று, "என்ன இருந்தாலும் மாசமா இருக்கற புள்ளைங்க பெரியம்மா" என்று சென்னம்மாள் நியாயம் சொன்னபோது, தேவகுமாரியின் மாமியார் ஞானசுந்தரிக்கு முகம் சுண்டிப்போனது. ஆயுசில் மருமகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை அந்த அம்மாள். அடுப்படியில் மருமகளுக்காக நெய்யில் ரவை வறுத்துக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்து இந்தப் பேச்சை வாங்கிக்கொண்டாள்.

அது எண்பத்தாறாம் வருஷம். தலைச்சோலைப் பக்கம் மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஆடி மாசம். வியாழக்கிழமைதோறும் டவுனில் கன்னியர் நடத்திய சிறு ஆஸ்பத்திரிக்குக் கர்ப்பிணிகள் போவார்கள். நடக்கக் கிளம்புவதற்கு முந்தைய வியாழக்கிழமை தேவகுமாரி ஏறி நின்றபோது எடை பார்க்கும் மெஷினின் முள் தொண்ணூறைத் தாண்டிப் போய் நின்றது. டாக்டராக இருந்த சிஸ்டர் அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு அவள் கொடுத்த சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினாள். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகித் திரிந்தது.

"நீலமாவே நின்னா நல்லது. பச்சைன்னா பார்த்துக்கலாம். மஞ்சள் நல்லதில்லை. செங்கல் நிறத்துக்கு வந்துட்டா என் கையில இல்லை" என்றாள் சிஸ்டர். "முதல் குழந்தை எவ்வளவு எடை?"

தேவகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிறந்த பையன். நாலரைக் கிலோ. தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. வந்தபோது அழவில்லை. ராஜா மாதிரி இருந்தான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் இருக்கிறான்.

"அது சர்க்கரையால வந்த எடைம்மா. இந்தக் குழந்தையும் அப்படி ஆகக் கூடாது. பட்டினி கிடக்காதே, ஒடம்பை எளைக்க வைக்கிற நேரம் இது இல்லை. நேரத்துக்கு அளவாச் சாப்பிடு. சோத்தைக் குறை. கீரை, பீன்ஸ், கொள்ளு, முட்டை, மோர். இனிப்பு தொடாதே. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு நட. முதல்ல பத்து நிமிஷம், அப்புறம் மெதுவாக் கூட்டு. மேடு ஏறாதே, சுமை தூக்காதே. கூட ஒருத்தர்கிட்டப் பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச மூச்சு வரலைன்னா அங்கேயே நின்னுடு. விளங்குதா?"

விளங்கியது. ஆனால் ஏற்காட்டு மலையில் மேடில்லாத ரோடு எங்கே இருக்கிறது? எஸ்டேட் முழுக்கத் தேடினாலும் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலிருந்து சிலுவை வளைவு வரைக்கும் டிராக்டர் போகும் பாதை ஒன்றுதான் மட்டமாக இருந்தது. அந்தப் பாதையில்தான் அத்தனை பேர் வீட்டு வாசலும் இருந்தது.

வீட்டில் சொன்னபோது ஞானசுந்தரியால் நம்ப முடியவில்லை.

"தெம்பில்லாமத்தான கண்ணு அந்தப் புள்ள போச்சு? முக்கறதுக்குத் தெம்பு இல்ல உனக்கு. அதுக்கோசரம் இந்தவாட்டி எச்சா ஊட்டலாம்னு நான் நெனச்சிட்டிருக்கறேன். இவங்க என்னடான்னா சோத்தக் குறைங்கறாங்க. இது எந்த ஊரு நாயம்?"

"டாக்டருக்குப் படிச்ச அம்மா சொல்றாங்க, அம்மா" என்றான் லூர்துராஜ்.

"படிச்சவங்க பெத்தவங்களாடா?"

லூர்துராஜ் தலையை ஆட்டினான். முந்நூறு ஆட்களைப் பெயர் சொல்லி வேலைக்கு விரட்டுகிற மனுஷன், வீட்டுக்குள் வந்தால் அம்மா பக்கம் ஒரு தரம், பெண்டாட்டி பக்கம் ஒரு தரம் தலையாட்டுவதோடு சரி.

சென்னம்மாள் நியாயம் பேசிவிட்டுப் போன அன்று ஞானசுந்தரி வெகுநேரம் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் தேவகுமாரி தயங்கித் தயங்கி வாசலில் இறங்கியபோது பின்னாலேயே வந்து ஒரு தூக்குப்போசியைக் கையில் மாட்டிவிட்டாள். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் போசி.

"நடக்கத்தான் சொல்லிப்போட்டாங்க, நட. ஆனா வெறுங்கையோட நடக்காத சாமி. பாலுக்குப் போறன்னு நெனச்சுக்கட்டும்."

அடியில் வாய்க்கு இரண்டு கடலையைத் தவிர ஒன்றுமில்லாத அந்த வெறும் போசி இப்படித்தான் மூடியை ஆட்டிக்கொண்டு தினமும் சிலுவை வளைவு வரைக்கும் போய்வர ஆரம்பித்தது.

பேசிக்கொண்டு நடக்க ஆள் வேண்டுமே. அதற்குப் பூவாயி கிடைத்தாள். களை எடுக்கும் கூட்டத்தில் வேலை, அடுத்த லைனில் வீடு. பேசுவதற்குக் கூலி கொடுத்திருந்தால் எஸ்டேட்டையே விலைக்கு வாங்கியிருப்பாள்.

"நாள் பூரா நடந்துட்டு வந்து மறுக்கா நடக்கறது நான் ஒருத்திதாங்க ரைட்டரம்மா" என்பாள். "அந்த சிஸ்டரம்மா என்ன நெனச்சாங்களோ. நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னா, இந்த மலையில நாங்கெல்லாம் நூறு வருசம் இருக்கோணுமுங்க."

"சிரிக்க வெக்காதக்கா. மூச்சு வாங்குது."

"மூச்சு வாங்குதா? அப்ப நில்லுங்க. சிஸ்டரம்மா சொன்னாங்கல்ல. அந்தா, அந்தக் கல்லு மேல உக்காருங்க."

முதல் வாரம் ஷெட்டைத் தாண்டும்போதே தேவகுமாரிக்குத் தொடை உரசிப் புண்ணாகிவிட்டது. பாதம் வீங்கியது. தூறலில் சேலைக் கரை நனைந்து காலில் சுற்றியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'ரைட்டரம்மா' என்று உட்காரவைத்தே பழக்கிவிட்ட உடம்பு. பறிக்கவும் போகக்கூடாது, சுமக்கவும் போகக்கூடாது, கடைக்குப் போனாலும் யாராவது ஓடிவந்து வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. காப்பிச் செடிக்குள்ளிருந்து சின்னப் பெண்கள் சிரிப்பது கேட்கும். தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வாள். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது.

ஆனாலும் நடந்தாள். கல்லறைத் தோட்டத்து சில்வர் ஓக்கின் நுனி சிலுவை வளைவிலிருந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். இந்தக் குழந்தையை உயிரோடு கையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நட என்றால் நடக்கிறாள், தின்னாதே என்றால் தின்னவில்லை.

தின்னாமல் இருப்பதுதான் நடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மாசமான பெண் இருக்கிற லைனில் யார் வீட்டில் என்ன வாசனை எழும்பினாலும் அதில் ஒரு பங்கு அவளுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அந்தப் பாவத்தை யார் ஏற்றுக்கொள்வார்கள்? போதாததற்கு இப்போது அவள் கையில் போசி வேறு இருந்தது. கர்ப்பிணி ஒருத்தி வெறும் போசியோடு வாசலைக் கடந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பணியாரம், பலாச்சுளை, கச்சாயம், சர்க்கரைவள்ளி என்று ஒவ்வொரு வாசலிலும் ஒன்று விழுந்தது. வேண்டாம் என்றால் கோபம். சர்க்கரை குறைய நடக்கப் போனவள் போசி நிறையப் பலகாரத்தோடு திரும்பி வந்தாள்.

அதற்கும் பூவாயிதான் வழி சொன்னாள். "இங்க குடுங்க. என் ஊட்டுல நாலு வாய் இருக்குது. உங்க போசி நெறைஞ்ச நாள்லருந்து என் புள்ளைங்க கன்னம் வெச்சுப்போட்டுதுங்க."

வீட்டில் தேவகுமாரி சோற்றைக் குறைத்துவிட்டாள். மத்தியானம் ஒரு கரண்டி சோறு, தட்டு நிறையப் பீன்ஸும் கீரையும். ராத்திரிக்குக் கொள்ளு ரசம். காப்பியில் அஸ்காச் சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஞானசுந்தரி அஸ்கா டப்பாவையே எடுத்துப்போய் சென்னம்மாளிடம் கொடுத்துவிட்டாள். "என் ஊட்டுலயே வேண்டாம்" என்றாள். பண்டிகைக்குக்கூடப் பலகாரம் சுடவில்லை.

காலையிலும் சாயங்காலமும் மட்டும் ராகிக் கஞ்சி. அதில் ஞானசுந்தரி மலைத்தேன் ஊற்றிக் கொடுத்தாள். காப்பி பூத்து முடிந்த பருவத்தில் கருப்பண்ணன் பாறைத் தேன் எடுத்து வந்து பாட்டில் பாட்டிலாகக் கொடுத்திருந்தான். அஸ்கா ஆலையில் செய்வது, கெடுதல். தேன் பூவிலிருந்து வருவது, மருந்து. இதில் சந்தேகப்பட அந்த மலையில் ஒருவரும் இல்லை. சளிக்குத் தேன், பிள்ளை நாக்கில் தேன், தீக்காயத்துக்குத் தேன். சோறு குறைந்த மருமகளுக்குத் தெம்புக்கும் தேன்.

தேவகுமாரிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதைச் சிஸ்டரிடம் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டால் அதையும் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. நாள் முழுக்க நாக்கு ஏங்கிக் கிடந்து, அந்தக் கஞ்சி டம்ளரில்தான் கொஞ்சம் இனிப்பு. தேன் மருந்துதானே என்று குடித்துவிட்டாள்.

வியாழக்கிழமைகளில் குழாய் மஞ்சளிலேயே நின்றது. பிறகு மஞ்சள் பழுத்து ஆரஞ்சானது. சிஸ்டரின் குரலும் மாறிக்கொண்டே வந்தது.

"உண்மையைச் சொல்லு. ஒளிச்சு ஏதாவது சாப்பிடுறியா?"

"சத்தியமா இல்லீங்க சிஸ்டர்."

"நடக்கிறியா?"

"நடக்கறனுங்க. மழையன்னைக்கும் நடக்கறனுங்க."

சிஸ்டர் நம்பவில்லை என்பது அவள் எழுந்துபோன வேகத்திலேயே தெரிந்தது. குண்டான பெண் தின்னவில்லை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? திரும்பி வரும் பஸ்ஸில் தேவகுமாரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதைக் கேட்டு ஞானசுந்தரிக்குப் பொறுக்கவில்லை. "என் மருமகளப் பொய் சொல்றாங்கறாங்களா? அடுத்தவாட்டி நான் வாறன். நான் சொல்றன் அவங்ககிட்ட."

புரட்டாசி பிறந்துவிட்டது. எட்டாம் மாசம். அந்த வியாழக்கிழமை ஞானசுந்தரி வெள்ளைச் சேலை கட்டி, செபமாலையைக் கழுத்தில் போட்டு, மருமகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெரிய மனுஷியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று கைப்பையில் ஒரு பாட்டிலையும் எடுத்து வந்திருந்தாள்.

குழாயைச் சூடு காட்டியதும் அது பச்சையிலும் நிற்கவில்லை, மஞ்சளிலும் நிற்கவில்லை. நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. சிஸ்டர் குழாயை ஸ்டாண்டில் வைத்தாள்.

"ஏனுங்கம்மா" என்று ஞானசுந்தரிதான் ஆரம்பித்தாள். "எம் புள்ள பொய் சொல்லாதுங்க. அஸ்கா ஊட்டுலயே கெடையாதுங்க. ஒரு பலகாரம் தொடறதில்லீங்க. பூனை தின்னற மாதிரி திங்கறாள், எனக்குப் பாக்கவே வயிறு எரியுதுங்க. நல்லதுதாங்க குடுக்கறன். நீங்களே பாருங்க." பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "சுத்தமான மலைத்தேனுங்க. உங்களுக்குன்னு கொண்டாந்தனுங்க. இதத்தான் ரெண்டு வேளையும் அவளுக்குக் கஞ்சில ஊத்திக் குடுக்கறன். அரை டம்ளரு."

சிஸ்டர் பாட்டிலைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று தேவகுமாரி எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுவும் அதேதாம்மா" என்றாள்.

"தேனுங்க இது."

"தேனும் சர்க்கரைதாம்மா. வெல்லமும் அதேதான். ரத்தத்துல போனா எல்லாம் ஒண்ணுதான். நான் இதைத் தனியாச் சொல்லியிருக்கணும். எனக்குத் தோணலை."

ஞானசுந்தரி சிஸ்டரின் கையிலிருந்த பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "மருந்துங்களே அது" என்றாள். இந்தத் தரம் யாருக்கும் கேட்காத மாதிரி.

சிஸ்டர் தேவகுமாரியிடம் மெதுவாகப் பேசினாள். நடந்தது வீண் போகவில்லை, அதனால்தான் பிரஷர் ஏறாமல் இருக்கிறது, கால் வீக்கமும் குறைந்திருக்கிறது என்றாள். ஆனால் இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்துவிடு, பிரசவம் வரைக்கும் அங்கேதான், தினமும் ஊசி போடுவார்கள் என்றாள்.

"குழந்தை?" என்று கேட்டாள் தேவகுமாரி.

"துடிப்பு நல்லா இருக்கு. பெரிசா இருக்கு. வேற என்ன சொல்ல முடியும் இப்போ? ஜெபம் பண்ணு."

பஸ் தலைச்சோலையில் இறக்கிவிட்டது. எஸ்டேட் பாதையில் இருவரும் நடந்தார்கள். மூடுபனி இறங்கிக் காப்பிச் செடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஞானசுந்தரி முன்னால் போவாள். அன்று பின்னால் வந்தாள். சிலுவை வளைவில் அவள் நின்றுவிட்டதைத் தேவகுமாரி திரும்பிப் பார்த்தாள். மாமியார் சில்வர் ஓக்கின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணு."

"என்னுங்கத்தை?"

"அந்தப் புள்ள வயித்துல இருக்கறப்பவும் இதேதான குடுத்தேன். நெய்யும் தேனும் வெல்லமும். பாட்டில் பாட்டிலா." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அப்ப அவனையும் நான்தான் கொன்னுபோட்டனா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும் என்று தேவகுமாரிக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். பேச மூச்சு வரவில்லை. பேச மூச்சு வரவில்லை என்றால் நின்றுவிட வேண்டும் என்றுதானே சிஸ்டர் சொல்லியிருந்தாள். அங்கேயே நின்றாள். மாமியார் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டு அடுப்பு சரியாக எரியவில்லை. ஞானசுந்தரி பற்றவைப்பாள், பானையை ஏற்றுவாள், பிறகு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். உப்பை எடுத்த கை அப்படியே நிற்கும்.

"கொள்ளு ஆகும்னாங்களா?" என்று மகனைக் கேட்பாள்.

"ஆகும்மா."

"கீரை?"

"அதெல்லாம் ஆகும். நீ ஆக்கும்மா."

"நீயே ஆக்கிக் குடு சாமி. என் கையால வேண்டாம்."

லூர்துராஜ்தான் கீரை கடைந்தான். உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டான். தேவகுமாரி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அவளுக்கு மாமியாரிடம் போய், 'உங்கமேல தப்பில்லீங்கத்தை, குடிச்சது நான்தான், கேக்காம உட்டதும் நான்தான்' என்று சொல்லிவிட ஆசைதான். சொல்லப் போய், உன்மேல் தப்பில்லை என்று அந்த அம்மாள் பதிலுக்குச் சொல்லி, இருவரும் சேர்ந்து அந்தக் குழந்தையை இன்னொரு தரம் புதைக்க வேண்டிவருமோ என்று பயந்தாள். இரண்டு நாளும் இப்படியே போனது.

ஞாயிறு காலை முதல் பூசைக்கு மணி அடித்தபோது அவர்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பூவாயி வேலைக்கு விடுப்பான நாளாகையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சென்னம்மாளும் வந்தாள். அவள் கையில் இலையில் கட்டின ஏதோ ஒன்று இருந்தது. ஞானசுந்தரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அங்கேயும் பேசிட்டே நடங்க ரைட்டரம்மா" என்றாள் பூவாயி. "என்னாட்டம் ஆளு கெடைக்கமாட்டாங்க, இருந்தாலும் தேடிப் புடிச்சுக்கங்க." சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

பஸ் வந்து நின்றது. லூர்துராஜ் கைகொடுத்து மனைவியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டான். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் ஞானசுந்தரி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து அந்தத் தூக்குப்போசியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"அங்க நடக்கறப்ப கையில வெச்சுக்க கண்ணு. வெறுங்கையோட நடந்தா ஏதாச்சும் நெனப்பாங்க."

"சரிங்கத்தை" என்றாள் தேவகுமாரி. இன்னும் ஒன்று சொல்ல நினைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

டவுனைத் தாண்டி முதல் வளைவு இறங்கும்போது மூடியைத் திறந்து பார்த்தாள். புளி போட்டு விளக்கி, ஈரம் போகத் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் இந்த அம்மாள் கையிலிருந்து ஒரு பாத்திரம் வெறுமையாக அவளிடம் வந்ததில்லை. நடக்கக் கொடுத்த நாட்களில்கூட உள்ளே இரண்டு கடலையாவது கிடக்கும்.

"என்ன, எதையாச்சும் வெக்க மறந்துட்டாங்களா?" என்று லூர்துராஜ் எட்டிப் பார்த்தான்.

"மறக்கலீங்க."

போசியை மூடி மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்து திரும்பியது. பனி விலகிக் கீழே சேலம் தெரிந்தது. உள்ளே குழந்தை கனமாக ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் புரண்டது. எவ்வளவு பெரியதோ. கையால் தடவிப் பார்த்தாள், தெரியவில்லை.

அடிவாரம் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பசித்தது.